பாதி இறுகிய அலுமினியம்: பிறைப் பட்டறைகளுக்கு இது வேண்டுமா?

பிறை_பட்டறை:
பினாங்கில் பிறையிலும் புக்கிட் மிஞ்யாக்கிலும் டை காஸ்டிங் (உருகிய உலோகத்தை அழுத்தி அச்சுக்குள் அடிக்கும் வார்ப்பு) போடுகிற நம்மவர்களுக்கு ஒரு கேள்வி. வார்ப்புக்குள் காற்று விடும் ஓட்டையோடு, அதாவது புளோ ஹோலோடு, இன்னும் எத்தனை நாள் மல்லுக்கட்டுவது? அலுமினியத்தை 650 டிகிரிக்கு மேல் தண்ணீராக உருக்கி, அச்சின் நுழைவாயான கேட் வழியாக நொடிக்கு 30 முதல் 60 மீட்டர் வேகத்தில் அடிக்கிறோம். காற்றும் சேர்ந்து உள்ளே மாட்டிக்கொள்கிறது. செமி-சாலிட் முறையில் உலோகம் பாதி இறுகி, சவ்வரிசிக் கஞ்சி பதத்தில் இருக்கும்போது அச்சுக்குள் தள்ளுகிறார்கள். தெறிக்காமல் ஊர்ந்து போய் நிரம்புகிறது. இனி இதுதான் வழி என்கிறேன்.

முப்பது_வருட_உலை:
தம்பி, இது புதுசு இல்லை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மெர்ட்டன் ஃபிளெமிங்ஸிடம் ஆய்வு செய்த டேவிட் ஸ்பென்சர் 1970களின் தொடக்கத்திலேயே கண்டது. வெள்ளீய-ஈயக் கலவையை இறுகும்போது விடாமல் கலக்கினார். பாதி இறுகியும் குழம்பாக ஓடியது. நம் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கும் அதே வயது, 1972. பேட்டை எவ்வளவு வளர்ந்துவிட்டது! இந்த முறையோ ஓரத்திலேயே நிற்கிறது. காரணம் காசு. தனியாகத் தயாரித்த பில்லெட்டை (உலோகக் கட்டையை) விலை கொடுத்து வாங்கி, திரும்பச் சூடாக்க வேண்டும். ரன்னர், பிஸ்கட் என்று வார்ப்போடு ஒட்டி வரும் கழிவை நம் உலையில் போட்டு அப்படியே பயன்படுத்தவும் முடியாது.

வெப்பக்கணக்கு:
அண்ணா, நீங்கள் சொல்வது திக்ஸோ காஸ்டிங். அதன் விலைக் கணக்கில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. இப்போது வளர்வது ரியோ காஸ்டிங். சொந்த உலையில் உருக்கிய உலோகத்தையே ஊற்றும் முன் குழம்பாக்கிவிடலாம், கழிவும் நம் உலைக்கே திரும்பும். இறுகும்போது படிகம் மரக்கிளை மாதிரி விரியும். கிளைகள் பின்னிக்கொண்டால் ஓட்டம் நின்றுவிடும். கலக்கினால் அவை உருண்டைகளாகி வழுக்கிக்கொண்டு ஓடும். இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டாம். கெடாவைத் தாண்டினால் தாய்லாந்தின் ஹாட்யாய். அங்கே பிரின்ஸ் ஆஃப் சொங்க்லா பல்கலைக்கழகத்தில் ஜெஸ்ஸாடா வன்னாசின் குழு, கிராஃபைட் வழியாக நுண்ணிய வாயுக் குமிழ்களை உலோகத்துக்குள் விட்டே கலக்கிக் காட்டியது.

நான் ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் பாகம்) வேலையில் இருக்கிறேன். எனக்கு இதில் பெரிய விஷயம் சிலிக்கான்தான். ஏடிசி12 என்ற டை காஸ்டிங் அலுமினியக் கலவை நன்றாக ஓடுவதற்காக அதில் 10 சதவீதம், அதற்கு மேலும் சிலிக்கான் இருக்கும். அதுவே வெப்பம் கடத்துவதைக் கெடுக்கிறது. குழம்பாக ஊற்றினால் சிலிக்கான் குறைந்த கலவையையும் வார்க்கலாம். தொலைபேசிக் கோபுரக் கருவிகளின் பெட்டிகளை ரியோ காஸ்டிங்கில் செய்வது இதற்காகத்தான்.

முப்பது_வருட_உலை:
நல்ல விளக்கம், தங்கச்சி. ஆனால் சில டிகிரி மாறினாலே கஞ்சி தண்ணீராகும், இல்லையேல் கட்டியாகும். ராத்திரி ஷிப்ட்டில் அந்தச் சூட்டை யார் காப்பது? மூன்று மாதத்தில் ஆள் மாறுகிற இடம் நம்முடையது. அச்சிலிருந்து காற்றை உறிஞ்சும் வேக்குவம் பொருத்தினாலே பாதிக் காற்று போய்விடும்.

பிறை_பட்டறை:
வேக்குவம் வைத்துப் பார்த்தவன் நான். போன வருடம் ஒரு பம்ப் பாடி. வார்த்து, சிஎன்சியில் கடைந்து, எல்லாச் செலவும் முடிந்த பிறகு லீக் டெஸ்டில் குமிழ் விட்டது. மேல்தோலைக் கடைந்ததும் உள்ளிருந்த ஓட்டை திறந்துகொள்கிறது. பிசின் ஏற்றி அடைக்கலாம் என்றால் வாடிக்கையாளர் ஒத்துக்கொள்ளவில்லை. பலம் ஏற்ற டி6 சூடு கொடுத்தால் உள்ளே அடைபட்ட காற்று விரிந்து தோல் கொப்பளிக்கிறது. அண்ணே, அந்தப் பம்ப் பாடிகளை ஸ்கிராப் லாரியில் ஏற்றியபோது என் கையாட்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வெப்பக்கணக்கு:
பிராக்கெட், மூடி மாதிரியான சாமான்களுக்கு இது வேண்டாம். அண்ணா சொல்வது அங்கே சரி. கசியக் கூடாதது, டி6 வேண்டியது, வெப்பம் கடத்த வேண்டியது, இந்த மூன்றுக்கும் கட்டாயம் பார்க்கலாம்.

முப்பது_வருட_உலை:
தம்பி, அந்தப் பம்ப் பாடியின் ஸ்கிராப் கணக்கை எடுத்து வையுங்கள். சனிக்கிழமை காலையில் வருகிறேன். உருகிய உலோகத்தை வைத்திருக்கும் உங்கள் ஹோல்டிங் உலையில் சூடு அளக்கும் தெர்மோகப்பிள் இறக்கி ஒரு மணி நேரம் பார்ப்போம். 5 டிகிரிக்குள் நின்றால் மேலே பேசலாம்.