பின்பக்க மதில் வயிறு தள்ளுது, குசினிச் சுவரில் ஓதம்

கொட்டகலையான்:
தோட்டத்துல கிடைச்ச 7 பேர்ச்சஸ் காணியில வீடு. பின்னால மண்மேட்டை நேரா வெட்டி, 6 அடி உயரத்துக்கு 6 அங்குல புளொக்கல் மதில் கட்டியிருக்கு. போன மழையோட மதில் நடுவுல வயிறு தள்ளிருச்சு, குசினிச் சுவர்ல ஓதம். முன்னால இன்னொரு வரி கல் கட்டி, உள்சுவருக்கு வோட்டர்புரூஃப் பூசலாம்னு மேசன் பாஸ் சொல்றார். சரிவருமா?

கல்வேலை:
வராது தம்பி. மதிலைத் தள்ளுறதுல பெரிய பங்கு தண்ணிக்குத்தான். 6 அடிக்குப் பின்னால தண்ணி நிறைஞ்சா, மதிலோட ஒவ்வொரு அடி நீளத்துக்கும் ஏறக்குறைய 510 கிலோ தள்ளும், மண்ணோட தள்ளல் தனி. ஒத்தைப் புளொக்கல் இதைத் தாங்காது. இன்னொரு வரி கட்டினா வடியுற வழியும் அடைபட்டுப்போகும். பூச்சும் அப்படித்தான், ஈரம் வெளியிலிருந்து தள்ளுறதால உள்பக்கம் பொருமிக் கழண்டு விழும்.

கருங்கல்லுல திரும்பக் கட்டுங்க. அடியில 3 அடி அகலம், உச்சியில ஒன்றரை அடி, அத்திவாரம் ஒன்றரை அடி ஆழம். பின்னால இருக்கிற தண்ணி வடிய 3 அங்குல பி.வி.சி. பைப்பை மதிலுக்குள்ள 4 அடிக்கு ஒண்ணா, வெளிப்பக்கம் சரிவா வைங்க. கீழ்வரிசை தரையிலிருந்து அரை அடி உயரத்துல வரட்டும். மதிலுக்குப் பின்னால ஒரு அடி அகலத்துக்குச் சல்லிக்கல், அதுக்கும் மண்ணுக்கும் இடையில ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணியை விட்டு மண்ணை மறிக்கிற துணி). துணி இல்லாட்டி சேறு சல்லியை அடைச்சிரும், அப்புறம் பைப் வெறும் அலங்காரம். மேல்தண்ணி உள்ள இறங்காம, சல்லிக்கு மேல உச்சியில ஒரு அடிக்குக் களிமண்ணை இறுக்கிக் குத்துங்க.

பழைய மதிலை ஒரேயடியா உடைச்சிராதீங்க. பெப்ரவரி, மார்ச் வெயில்ல, 6 அடி 6 அடியா ஒண்ணுவிட்டு ஒண்ணு பிரிச்சுக் கட்டணும்.

ஊவாச்சரிவு:
அதுக்கு முன்னாடி மேட்டுக்கு மேல ஏறிப் பாருங்க. பிறை வடிவ வெடிப்பு, சாஞ்ச மரம், புதுசா கலங்கின ஊத்து இருந்தா மண்வெட்டியைத் தொடவேண்டாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்டக் காரியாலயத்துக்குச் சொல்லி ஆள் வரவழைங்க. 2014 ஒக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில வந்த மண்சரிவு மாதிரி மலையே இறங்கினா எந்த மதிலும் மறிக்காது.

காத்து 1 பாகை சூடானா ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரம் பிடிக்கும். அதனாலதான் மழை கொட்டுறப்போ முன்னையவிடக் கடுமையாக் கொட்டுது. சிணுங்கல் மழைக்குன்னு வெட்டின பழைய கான் அளவை நம்பாதீங்க. மேட்டு விளிம்புக்கு மேல சீமெந்து பூசின கான் ஒண்ணு அவசியம்.

கழுத்தை வெட்டின, நேரான பக்கமுள்ள போத்தலை வெளியில வச்சு, விழுற மழையை அளவுகோலால தினமும் அளங்க. 24 மணித்தியாலத்துல 75 மில்லிமீட்டர் தாண்டினா விழிப்பு, 100க்குச் சாமான் கட்டணும், 150க்கு வெளியேறணும். ஒரே மணித்தியாலத்துல 75 பெஞ்சாலும் அதேதான்.

தகரக்கூரை:
கூரைத் தண்ணி எங்க விழுதுன்னு யாரும் கேக்கலையே! 800 சதுர அடித் தகரத்துல 100 மில்லிமீட்டர் பெஞ்சா 7,400 லீட்டர். பின்பக்கம் பீலி இல்லைன்னா அதுல பாதி மதிலடியில ஊறும். பீலி போட்டு, பைப் வழியா முன்பக்கக் கானுக்குக் கொண்டுபோங்க. குசினி ஓதம் அதுலயே குறையும்.

கொட்டகலையான்:
நன்றி அண்ணே. வெடிப்பு எதுவும் தெரியல. ஆனா மேட்டுக்கு மேல பக்கத்து வீட்டுக் கக்கூஸ் குழி இருக்கு.

ஊவாச்சரிவு:
அது வருசம் முழுக்க மண்ணை ஊறவைக்கும். மதில் வேலைக்கு முன்னாடி அவங்களோட பேசி, குழியை மேட்டு விளிம்பிலிருந்து தள்ளி மாத்துங்க. கட்டி முடிஞ்சதும் பைப் ஓட்டைகளைக் கவனிங்க: தெளிஞ்ச தண்ணி வந்தா சரி, சேத்துத்தண்ணி வந்தா பின்னால மண் அரிக்குது.