மனைப்பிரிவு விண்ணப்பத்தைத் திட்டமிடல் குழு எதை வைத்து முடிவு செய்கிறது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தெருவின் பின்புறம் பல ஆண்டுகளாகத் தரிசாகக் கிடக்கும் ஏறத்தாழ 4 ஹெக்டேர் நிலத்தில் 60 வீடுகள் கொண்ட மனைப்பிரிவு அமைக்க விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் நகரத் திட்டமிடல் குழு பொது விசாரணை நடத்தும் என்று அறிவிப்பும் வந்துவிட்டது. அந்த நிலம் எங்கள் தெருவை நோக்கிச் சரிந்திருப்பதால் மழைநீர் எங்கள் பக்கம் திரும்பிவிடும் என்பதும், இப்போதே குறுகலாக இருக்கும் சாலை இன்னும் நெரிசலாகும் என்பதும் எங்கள் கவலை. எல்லாம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது, விசாரணைக்குப் போய்ப் பயனில்லை என்கிறார்கள் சிலர். நிறையப் பேர் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தால் குழு அனுமதி தர முடியாது என்கிறார்கள் வேறு சிலர். இவற்றில் எது உண்மை? குழு எதை, எந்த வரிசையில் பார்க்கிறது?

மறுமொழி: திட்டமிடல் குழுவில் உறுப்பினராக இருந்தவர்

இரண்டுமே முழு உண்மையல்ல. இந்த மனைப்பிரிவு ஊருக்கு வேண்டுமா, வேண்டாமா என்பது குழுவின் முன் வைக்கப்படும் கேள்வி அல்ல என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். அந்த நிலத்தில் வீடு கட்டலாமா என்பதை, ஊரின் எந்தப் பகுதி எதற்கு என்று வகுக்கும் முழுமைத் திட்டமும் நில உபயோக விதிகளும் முன்பே தீர்மானித்திருக்கும். அந்த விதிகளுக்கும் மனை அளவு, சாலை அகலம், திறந்தவெளி, வடிகால் ஆகியவற்றுக்கான தரங்களுக்கும் விண்ணப்பம் பொருந்துகிறதா என்பதைத்தான் குழு ஆராய்கிறது. பொருந்தினால், உறுப்பினர்களுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக மறுத்துவிட முடியாது. மறுத்தாலும் மேல்முறையீட்டில் அந்த ஆணை நிற்காது.

கையெழுத்துகளின் எண்ணிக்கைக்குப் பெரிய எடை இல்லாததற்கும் இதுவே காரணம். இங்கிலாந்தின் திட்டமிடல் நடைமுறையை எடுத்துக்கொண்டால், வீட்டிலிருந்து தெரியும் காட்சி மறைகிறது, சொத்தின் விலை குறையும் என்ற ஆட்சேபணைகள் பொதுவாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. போக்குவரத்து, வெள்ளம், சத்தம், பக்கத்து வீட்டுக்கான வெளிச்சம் ஆகியவை எடுத்துக்கொள்ளப்படும். ஒரே வாசகத்தில் நூறு பேர் கையெழுத்திட்ட மனுவை விட, எந்த விதி எந்த இடத்தில் மீறப்படுகிறது என்று காட்டும் ஒரு பக்கக் கடிதம் குழுவுக்கு அதிகம் பயன்படும்.

வரிசையைப் பொறுத்தவரை, விண்ணப்பம் முழுமையாக இருக்கிறதா என்பதை அலுவலர்கள் முதலில் பார்ப்பார்கள். வேண்டிய வரைபடமோ ஆய்வறிக்கையோ இல்லையென்றால் காலக்கெடு பெரும்பாலும் தொடங்கவே தொடங்காது. நியூயார்க் மாநிலத்தில் முழுமையான மனைப்பிரிவு விண்ணப்பம் வந்த 62 நாட்களுக்குள் விசாரணை, விசாரணை முடிந்த 62 நாட்களுக்குள் முடிவு என்பது பொதுவான கெடு. இங்கிலாந்தில் சிறிய விண்ணப்பங்களுக்கு 8 வாரம், பெரியவற்றுக்கு 13 வாரம். அதன்பின் தீயணைப்பு, சாலை, குடிநீர், கழிவுநீர்த் துறைகளின் கருத்துகள் வரும். அவற்றைத் தொகுத்து அலுவலர் அறிக்கை தயாராகும். விசாரணைக்குச் சில நாட்களுக்கு முன் வெளியாகும் அந்த அறிக்கையை அவசியம் படியுங்கள். உறுப்பினர்கள் பலர் பகுதிநேரமாகப் பணியாற்றுபவர்கள் என்பதால் விவாதம் பெரும்பாலும் அதை ஒட்டியே நடக்கும். இறுதியில் அனுமதி, நிபந்தனையுடன் அனுமதி, மறுப்பு என்ற மூன்றில் ஒன்று வரும். நான் இருந்த காலத்தில் பெரும்பாலானவை நிபந்தனையுடன்தான் அனுமதிக்கப்பட்டன. ஆகவே உங்கள் முயற்சியை அந்த நிபந்தனைகள்மீது செலுத்துவதே நல்லது.

இன்னொன்று: உறுப்பினர்களைத் தனியே சந்தித்துப் பேச முயலாதீர்கள். எதைச் சொன்னாலும் பொதுப் பதிவில் சொல்லுங்கள். மேல்முறையீட்டு மன்றம் பொதுவாக அந்தப் பதிவை வைத்தே தீர்ப்பளிக்கும். விசாரணையில் எழுப்பாத பிரச்சினையைப் பிறகு எழுப்புவது கடினம்.

மறுமொழி: வடிகால் பொறியாளர்

மழைநீர் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. அதை எண்களாக மாற்றிச் சொன்னால் குழு செவிகொடுக்கும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். 4 ஹெக்டேரில் நாற்பது விழுக்காடு, அதாவது 16,000 சதுர மீட்டர், கூரையாகவும் தார்ச்சாலையாகவும் மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 மில்லிமீட்டர் மழையில் அந்தப் பரப்பின்மீது மட்டும் 8 லட்சம் லிட்டர் விழும். முன்பு அதில் ஒரு பகுதியை மண் உறிஞ்சிக்கொண்டது. இனி அது முழுவதும் சில நிமிடங்களில் சரிவை நோக்கி ஓடும்.

இதற்காகத்தான் பல ஊர்களின் விதிகள், மேம்பாட்டுக்குப் பிந்தைய உச்சப் பாய்வு (மழையின்போது ஒரு நொடியில் வெளியேறும் நீரின் அதிகபட்ச அளவு) முந்தைய அளவைத் தாண்டக் கூடாது என்று கூறுகின்றன. விண்ணப்பதாரர் ஒரு தேக்கக் குட்டை அமைத்து, சிறிய குழாய் வழியாக நீரை மெதுவாக வெளியேற்றுவதாகக் காட்டுவார். கணக்குச் சரியாக வரும். ஆனால் உச்சப் பாய்வு கூடாமல் இருந்தாலும் மொத்த நீரின் அளவு கூடியிருக்கும். முன்பு ஒரு மணி நேரத்தில் வடிந்த ஓடையில் இனி பல மணி நேரம் நீர் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் தெருவின் வடிகால் அதைத் தாங்குமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

வரைபடத் தொகுப்பில் சமஉயரக் கோடுகள் உள்ள தாளை எடுங்கள். குட்டையின் வெளியேற்றுக் குழாய் எங்கே முடிகிறது, குட்டை நிரம்பி வழிந்தால் நீர் எந்த வழியாகப் போகும், அந்த வழியில் யாருடைய வேலி இருக்கிறது என்று பென்சிலால் குறியுங்கள். மண் பரிசோதனை எந்த மாதத்தில் நடந்தது என்றும் பாருங்கள். வறண்ட காலத்தில் அளந்த நிலத்தடி நீர்மட்டத்தை நம்பிக் குட்டையின் ஆழத்தை முடிவு செய்வது ஆபத்து. தெருவில் முன்பு நீர் தேங்கியபோது எடுத்த, தேதியுள்ள படங்கள் இருந்தால் அவற்றையும் இணைத்துக் கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. அலுவலகத்தில் வரைபடங்களைக் கேட்டிருக்கிறேன். எங்கள் தெரு முழுவதையும் அகலப்படுத்தித் தர வேண்டும் என்று குழு அவர்களுக்கு நிபந்தனை விதிக்க முடியுமா?

மறுமொழி: திட்டமிடல் வழக்குகளைக் கையாளும் வழக்கறிஞர்

முழுத் தெருவையும் கேட்பது கடினம். இது பற்றி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1994-இல் டோலன் எதிர் டைகார்ட் நகரம் என்ற வழக்கில் அளித்த தீர்ப்பு பல இடங்களில் எடுத்துக்காட்டப்படுகிறது. ஒரு கடையை விரிவாக்க அனுமதி கேட்டபோது, ஓடையோர நிலத்தையும் நடைபாதைக்கும் மிதிவண்டிப் பாதைக்குமான நிலத்தையும் நகரத்துக்கு ஒப்படைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். மேம்பாட்டால் ஏற்படும் பாதிப்புக்கும் கேட்கப்படும் ஈடுக்கும் இடையே தோராயமான விகிதப் பொருத்தமாவது இருக்க வேண்டும், அதைக் காட்டும் பொறுப்பு நகரத்தையே சாரும் என்று நீதிமன்றம் கூறியது. இங்கிலாந்திலும் ஒரு நிபந்தனை தேவையானதாகவும், குறிப்பிட்ட மேம்பாட்டோடு தொடர்புடையதாகவும், துல்லியமாகவும், நடைமுறைப்படுத்தத் தக்கதாகவும், நியாயமாகவும் இருக்க வேண்டும் என்பது விதி.

ஆகவே கணக்கோடு கேளுங்கள். தனி வீடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 வாகனப் பயணங்கள் என்பது அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியாளர்கள் பயன்படுத்தும் பொதுவான மதிப்பீடு. 60 வீடுகளுக்கு 600. மாலை உச்ச நேரத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்று. அந்த வாகனங்கள் பிரதான சாலையில் சேரும் சந்திப்பைச் சீரமைப்பது, மனைப்பிரிவின் முகப்பில் மட்டும் சாலையை அகலப்படுத்துவது, அவசர ஊர்திகளுக்கு இரண்டாவது நுழைவழி ஆகியவற்றை விகிதத்துக்குள் அடங்கும் கோரிக்கைகளாக வாதிடலாம்.

நிபந்தனையின் வாசகத்திலும் கவனம் தேவை. “தேக்கக் குட்டை முறையாகப் பராமரிக்கப்பட வேண்டும்” என்று எழுதினால் அதை யாரும் அமலாக்க முடியாது. “ஆண்டுக்கு இருமுறை வண்டல் அகற்றப்பட வேண்டும், அதற்கு மனை உரிமையாளர் சங்கம் பொறுப்பு, குட்டை முடிந்து ஆய்வு செய்யப்படும் வரை முதல் வீட்டுக்குக் குடியேற்றச் சான்று தரப்படாது” என்று இருந்தால் மீறலை யார் வேண்டுமானாலும் சுட்டிக்காட்டலாம். இத்தகைய வாசகத்தை நீங்களே எழுதி, விசாரணைக்கு ஒரு வாரம் முன்பே எழுத்துமூலம் கொடுங்கள். அலுவலர் அறிக்கை எழுதும்போது அது மேசையில் இருக்க வேண்டும்.

மறுமொழி: நகரமைப்பு படித்தவர்

முன்னாள் உறுப்பினர் சொன்னதில் ஒரு சிறு மாறுபாடு எனக்கு உண்டு. விதிகள் எல்லாம் அளவுகோல் வைத்து அளக்கக் கூடியவை அல்ல. “போதுமான”, “சுற்றுப்புறத்துக்கு ஏற்ற” போன்ற சொற்கள் வரும் இடங்களில் குழுவுக்குத் தன் சொந்த மதிப்பீட்டைப் பயன்படுத்த இடமிருக்கிறது. வீடுகளின் எண்ணிக்கையைக் குறைக்காமல், உங்கள் பக்கமுள்ள தாழ்வான பகுதியைத் திறந்தவெளியாக விட்டு வீடுகளை மேட்டுப் பக்கம் நகர்த்தும் மாற்று வரைவைக் கேட்டுப் பாருங்கள். விண்ணப்பதாரருக்கும் அதில் பெரிய இழப்பு இருக்காது. திறந்தவெளி ஒதுக்கீட்டை அவர் எப்படியும் எங்காவது காட்டியே ஆக வேண்டும். அது எந்த மூலையில் அமைய வேண்டும் என்பதைத்தான் இந்த விசாரணையில் பேசித் தீர்மானிக்க முடியும்.