ரீட்-அக்ராஸ்: 'குறுக்கு வாசிப்பு' சரியா?

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம்.

2007இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் வேதிப்பொருள் பாதுகாப்புச் சட்டமான ரீச் (REACH) பற்றிய பாடக்குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். 'ரீட்-அக்ராஸ்' (read-across) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் கிடைக்காமல் வேலை நின்றுவிட்டது. அதற்கு இங்கே முன்பு சொல்லப்பட்ட 'குறுக்கு வாசிப்பு' எனக்கு மனம் ஒப்பவில்லை. வேதியியல் மாணவருக்கு அதிலிருந்து எதுவும் புரியாது.

ஒரு வேதிப்பொருளுக்கு நச்சுத்தன்மைத் தரவு இல்லை, கட்டமைப்பில் அதை ஒத்த இன்னொன்றுக்கு இருக்கிறது என்று வையுங்கள். அதைக்கொண்டு இதன் தன்மையைச் சொல்வதுதான் இந்த முறை. ஆண்டுக்கு 100 டன்னும் அதற்கு மேலும் தயாரிக்கும் பொருளுக்குக் கருவளர்ச்சி நச்சுச் சோதனை கேட்கப்படும். வழக்கமாக நான்கு குழுக்கள், குழுவுக்கு சுமார் 20 சினை எலிகள். ஒத்த பொருளின் தரவு ஏற்கப்பட்டால் அந்தச் சோதனையே தேவைப்படாது. முதுகெலும்புள்ள விலங்குகள் மீதான சோதனை கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டத்தின் 25ஆம் பிரிவே சொல்கிறது. அதனால் இந்தச் சொல் தெளிவாக அமைய வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

'இரவல் தரவு' என்று ஒருவர் எழுதியிருந்தார். நல்ல பேச்சுவழக்குச் சொல்தான். ஆனால் ஒரே பொருளைத் தயாரிக்கும் நிறுவனங்கள் செலவைப் பகிர்ந்து ஒரே தரவைப் பயன்படுத்துவதும் இதே சட்டத்தில் உண்டு. இரவல் என்றால் அதைத்தான் நினைப்பார்கள்.

என் பரிந்துரை 'ஒப்பறிதல்'. பசுவை அறிந்தவர் காட்டில் ஆமா என்னும் காட்டுப்பசுவைக் கண்டு 'இது பசுவைப் போன்றது' என்று தெளிவதை நம் அளவை (தருக்க) நூல்கள் உவமம் என்கின்றன. அந்த வழியில் வந்த சொல்லாக இருக்கட்டும்.

* * *

அம்மா, வணக்கம். ஆமா எடுத்துக்காட்டு அருமை. ஆனால் 'அறிதல்' என்றால் முடிவே தெரிந்துவிட்டது போல் இருக்கிறதே? நேர்ச்சங்கிலி ஹெக்சேன் என்ற கரைப்பானைப் பாருங்கள். உடலில் 2,5-ஹெக்சேன்டையோன் என்ற பொருளாக மாறி கைகால் நரம்புகளைக் கெடுக்கிறது. காலணிப் பசையில் இதைக் கையாண்ட தொழிலாளர்கள் அப்படிப் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு கார்பன் குறைந்த பென்டேன் அப்படிச் செய்வதில்லை. தாளில் இரண்டும் உடன்பிறப்புகள். பென்டேனை வைத்து ஹெக்சேனை 'அறிந்தால்' என்ன ஆகும்? உடலில் எதுவாக மாறுகிறது என்பதையும் காட்டினால்தானே ஒப்பு நிற்கும்?

* * *

சரிதான் ஐயா, அதை நான் யோசிக்கவில்லை. 'அறிதல்' என்று எழுதினால் படிப்பவர் ஆதாரம் கேட்க மாட்டார். 'கணிப்பு' என்றால் எதை வைத்துக் கணித்தீர்கள் என்று கேட்பார். அப்படியானால் 'ஒப்புமைக் கணிப்பு' என்றே வைத்துக்கொள்கிறேன். அப்புறம், தரவுள்ள பொருளை 'ஒப்புப்பொருள்' என்றும் தரவில்லாததைக் 'கணிபொருள்' என்றும் எழுதலாமா? 'மூலப்பொருள்' என்று போட்டால் ஆலையில் வந்திறங்கும் கச்சாப்பொருள் என்றுதான் படிப்பார்கள்.