பணிநேரத்தில் தண்ணீர் குடிக்க மறந்துபோகிறது: வழி உண்டா?

கேள்வி
அனைவருக்கும் வணக்கம். நாள் முழுவதும் கணினி முன் அமர்ந்து கணக்குகளைச் சரிபார்ப்பது என் வேலை. குளிரூட்டப்பட்ட அறை என்பதால் தாகமே எடுப்பதில்லை. காலையில் நிரப்பிய பாட்டில் மாலையில் பாதிகூடக் குறைந்திருப்பதில்லை. பிற்பகலில் தலை கனக்கிறது, சிறுநீரும் அடர்மஞ்சளாகப் போகிறது. அதை ஈடுகட்ட வீடு திரும்பியதும் ஒரேயடியாகக் குடிப்பதால் இரவில் தூக்கம் கலைகிறது. எட்டுக் குவளை என்பது கட்டாயமா? காபி அந்தக் கணக்கில் சேருமா? பணிநேரத்திலேயே குடிக்கப் பழகியவர்கள் தங்கள் வழியைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1
எட்டுக் குவளை என்பதற்கு உறுதியான அறிவியல் அடிப்படை இல்லை. 1945-இல் அமெரிக்காவின் உணவு, ஊட்டச்சத்து வாரியம் நாளொன்றுக்கு 2.5 லிட்டர் என்று பரிந்துரைத்தபோது, அதில் பெரும்பகுதி நாம் உண்ணும் உணவிலேயே இருக்கிறது என்றும் சேர்த்தே சொன்னது. பரவியது என்னவோ முதல் பாதிதான். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் பெண்களுக்கு 2 லிட்டர், ஆண்களுக்கு 2.5 லிட்டர் என்று வரையறுத்தது. அதிலும் உணவிலுள்ள நீர் அடக்கம். காபியும் சேரும், ஏனெனில் அளவாகக் குடிக்கும்போது அது வெளியேற்றுவதைவிடத் தரும் நீரே அதிகம். லிட்டரை எண்ணுவதை விட்டுச் சிறுநீரின் நிறத்தைக் கவனியுங்கள். வெளிர்மஞ்சளாக இருந்தால் போதும். பி வைட்டமின் மாத்திரை சாப்பிடுபவருக்கு மட்டும் அந்த அடையாளம் பொருந்தாது, நிறம் பளிச்சென்ற மஞ்சளாகிவிடும்.

மறுமொழி 2
அளவைப் பற்றி மேலே சொன்னது சரி, ஆனால் உங்கள் சிக்கல் மறதி. கைபேசியில் அலாரம் வைக்கச் சொல்வார்கள். கூட்டிக்கொண்டிருக்கும் வரிசையின் நடுவில் அது ஒலித்தால் அணைத்துவிட்டு வேலையைத்தான் தொடர்வீர்கள். அதைவிட, ஒரு கணக்குக் கோப்பு முடிந்தவுடன், தொலைபேசியை வைத்தவுடன், கூட்டத்திற்கு எழுமுன் என்று, வேலையில் தானாகவே விழும் இடைவெளிகளோடு சில மடக்குகளை இணைத்துவிடுங்கள். பாட்டில் பைக்குள் இல்லாமல் மவுஸுக்குப் பக்கத்தில் கண்ணில் படும்படி இருக்கட்டும். சிறியதாக இருந்தால் இன்னும் நல்லது, நிரப்புவதற்காகவாவது எழுந்து நடப்பீர்கள். மாலையில் மொத்தமாகக் குடிப்பதை விட்டுவிடுங்கள். உடலில் நீர் சற்று மிகுந்ததுமே சிறுநீர் அதிகம் பிரியாமல் தடுக்கும் ஹார்மோனான வாசோபிரெசினின் சுரப்பு குறைந்து, சிறுநீரகம் உபரியைச் சில மணி நேரத்தில் வெளியேற்றிவிடும். பகல் முழுவதும் நீரின்றி இருந்ததை அது மாற்றாது.

மறுமொழி 3
உண்மையிலேயே மறதிதானா, அல்லது கழிப்பறைக்கு எழுந்து செல்லத் தயங்குகிறீர்களா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். கழிப்பறை தொலைவில் இருப்பதாலோ, சுத்தமாக இல்லாததாலோ, அடிக்கடி எழுவதை மேலாளர் கவனிப்பார் என்பதாலோ தண்ணீரைக் குறைத்துக்கொள்பவர்கள், குறிப்பாகப் பெண்கள், பலர் இருக்கிறார்கள். காரணம் அதுவென்றால் பாட்டிலை எங்கே வைத்தாலும் பயனில்லை, நிர்வாகத்திடம்தான் பேச வேண்டும். அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருபவருக்கும், சிறுநீரகக் கல் வந்தவருக்கும் இது வெறும் வசதிப் பிரச்சினையன்று. கல் மீண்டும் உருவாகாதிருக்க நாளொன்றுக்கு 2.5 லிட்டர் சிறுநீராவது பிரியும் அளவுக்குக் குடிக்கும்படி மருத்துவர்கள் சொல்கிறார்கள். இதயச் செயலிழப்போ முற்றிய சிறுநீரக நோயோ உள்ளவர்கள் இங்குள்ள எந்த அளவையும் பின்பற்றாமல் மருத்துவர் சொன்னபடியே குடிக்க வேண்டும். இன்னொன்று, தலை கனப்பதற்குத் தண்ணீர்க் குறைவு மட்டுமே காரணம் என்று முடிவுகட்டாதீர்கள். நாள் முழுவதும் எண்களைப் பார்ப்பவர் என்பதால் கண்களையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.