ஆண்டு மலர் 140 பிரதி பீரோவிலேயே கிடக்கிறது, இந்த வருஷம் எப்படி விற்பது?

தமிழ் மிஸ், கொடைக்கானல்:
மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. ஆண்டு மலர் பொறுப்பு மூன்று வருஷமாக என் தலையில். போன வருஷம் 400 அடித்தோம், விலை 250 ரூபாய். 260 போனது. மீதியை நூலக பீரோவில் வைத்துப் பூட்டினோம். ஐப்பசி மழை முடிந்து திறந்தால் பக்கமெல்லாம் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டிருக்கிறது. மெதுவாகப் பிரித்தேன். ஒன்பதாம் வகுப்பின் முகங்கள் உரிந்து பத்தாம் வகுப்பின் மேல் ஒட்டிக்கொண்டன.

காலைக் கூட்டத்தில் மைக்கில் சொல்லியாயிற்று, போஸ்டர் ஒட்டியாயிற்று. ஒரு எட்டாம் வகுப்புப் பையன் நேராகவே கேட்டான்: "மிஸ், அதுல நான் எங்க இருக்கேன்?" தேடினேன். குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசை, முன்னால் நிற்பவன் காதுக்குப் பின்னால் பாதி முகம். மொத்தம் 68 பக்கம், அதில் முதல் 11 பக்கம் வாழ்த்துரை. அவனிடம் எந்த வாயால் 250 ரூபாய் கேட்பது?

கட்டாயப்படுத்த மனமில்லை. பூம்பாறை, மன்னவனூர்ப் பிள்ளைகள் வீட்டில் பூண்டோ உருளைக்கிழங்கோ விற்றால்தான் கையில் காசு. யோசனை சொல்லுங்கள்.

கோத்தகிரி வாத்தியார்:
அந்தப் பையன் கேட்டதுதான் மேடம் விஷயமே. நாங்கள் வருகைப் பதிவேட்டை நகலெடுத்து, மலரில் ஒருவர் படம் வரும்போதெல்லாம் பெயருக்கு நேரே ஒரு டிக் போடுவோம். மூன்று டிக் சேராதவர்களைத் தேடிப் போய் மாணவர் குழுவே படம் எடுக்கும். விளையாடத் தெரியாத, மேடை ஏறாத பிள்ளைகள்தான் எப்போதும் விட்டுப்போகிறார்கள்.

அப்புறம், அச்சுக்கு அனுப்பும் முன்பே பெயரும் பக்க எண்ணும் மட்டும் போட்டு ஒரு பட்டியல் ஒட்டினோம். படம் காட்டவில்லை. இன்டர்வெலில் போர்டு முன்னால் தள்ளுமுள்ளு. "41-ஆம் பக்கத்துல என்னை என்னன்னு போட்டிருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே முன்பணம் கட்டினார்கள்.

சும்மா ஒருத்தன்:
இன்ஸ்டாவில் ஒரு ரீல் போடுங்க, முடிஞ்சது.

தமிழ் மிஸ், கொடைக்கானல்:
பள்ளிக்குள் போன் கொண்டுவரக் கூடாது தம்பி. வெளியே பார்த்தாலும் லைக் விழும், 250 விழாது.

அச்சகத்துக்காரர், சிவகாசி:
ஆர்ட் பேப்பரில் அடித்திருப்பீர்கள். அதன் மேல்பூச்சு ஈரம் பட்டால் பசை மாதிரி ஆகிவிடும். மலைக்கு மேல்பூச்சு இல்லாத மேப்லித்தோ காகிதம் எடுங்கள், அப்படி ஒட்டாது. ஒரு ஃபாரம், அதாவது ஒரே பெரிய தாளில் சேர்த்து அடித்து மடிப்பது, 16 பக்கம். 68 என்றால் நாலு ஃபாரத்துக்கு மேல் அந்த நாலு பக்கத்துக்காகத் தனியாக பிளேட் (அச்சுத் தகடு) போட வேண்டும். வாழ்த்துரையில் நாலைக் குறைத்து 64-ல் நிறுத்துங்கள். பிளேட் செலவு 200 அடித்தாலும் 400 அடித்தாலும் ஒன்றுதான், உண்மை. ஆனால் அதை நம்பி 140 கூடுதலாக அடித்தால் காகிதக் காசு பீரோவுக்குப் போகும். முன்பதிவு எண்ணிக்கையோடு ஒரு இருபது சேர்த்து அடியுங்கள், போதும்.

பழைய மாணவி:
நானும் கொடைக்கானல்தான். 2018-ல் குறிஞ்சி பூத்தபோது இந்த வருஷப் பிளஸ் டூ பிள்ளைகள் சின்ன வகுப்பு. பூவோடு நின்று எடுத்த படம் நிறைய வீட்டில் இருக்கும், கேட்டு வாங்கிப் போடுங்கள். அடுத்து 2030. இப்போது ஆறாவது படிக்கிறவன் அன்றைக்குப் பெரிய வகுப்பு. "அப்போ நான் எங்கே இருப்பேன்?" என்று ஆளுக்கு ஒரு வரி, அவரவர் கையெழுத்திலேயே. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் என்ன எழுதினாள் என்று பார்க்கவாவது வாங்குவார்கள்.

கடைசியில் நாலு பக்கம் வெறுமையாக விடுங்கள் மிஸ். நாங்கள் கையெழுத்து வாங்கத் தனி நோட்டு வாங்கினோம்.

தமிழ் மிஸ், கொடைக்கானல்:
எல்லாருக்கும் நன்றி. டிக் போட்டுப் பார்த்தேன், 83 பேருக்கு ஒன்றுகூட இல்லை. எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தேன்.

வகுப்போடு பஸ் வாரியாகவும் பக்கம் வைக்கப் போகிறேன்: பூம்பாறை பஸ், பெருமாள்மலை பஸ், பண்ணைக்காடு பஸ். காலைப் பனியில் கண்ணாடியில் விரலால் பெயர் எழுதுவார்களே, அதைத்தான் முதல் படமாக எடுத்திருக்கிறோம். பணம் மாதம் 50, ஐந்து தவணை. வாழ்த்துரை மூன்று பக்கம் போதும் என்று தலைமையாசிரியரிடம் இன்னும் சொல்லவில்லை.

அச்சகத்துக்காரரே, மேப்லித்தோவில் போட்டோ மங்குமா?

அச்சகத்துக்காரர், சிவகாசி:
கொஞ்சம் மங்கும். படத்தைச் சற்று வெளிச்சமாக்கி அனுப்புங்கள். பனியில் எடுத்ததை மட்டும் அப்படியே விடுங்கள்.