எனர்ஜி டிரிங்க் குடித்து நெஞ்சு படபடத்த அனுபவம் உங்கள் வீட்டிலும் உண்டா?

தண்டையார்பேட்டை அம்மா:
என் பையனுக்கு 14 வயது, எடை 42 கிலோ. போன மே மாதம் வியாசர்பாடியில் ஃபுட்பால் ஆடிவிட்டு வந்தவன், "அம்மா, நெஞ்சு ஒரு மாதிரி அடிக்குது" என்று படுத்துக்கொண்டான். கை நடுங்கியது. வெயில்தான் என்று நினைத்து மோர் கொடுத்தேன், அடங்கவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஈசிஜி எடுத்துக்கொண்டே டாக்டர் கேட்டார்: "தம்பி, என்னப்பா குடிச்ச?" மேட்சுக்கு முன்னால் இரண்டு பாட்டில் எனர்ஜி டிரிங்க். ஒன்று இருபது ரூபாய். டீமில் எல்லாரும் குடிக்கிறார்களாம்.

நல்லவேளை, ஈசிஜியில் கோளாறு இல்லை. சாயங்காலம் வரை வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் அவன் பையில் கிடந்த காலி பாட்டிலைப் படித்தேன். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஏற்றதல்ல, நாளைக்கு 500 மில்லிக்கு மேல் வேண்டாம் என்றெல்லாம் போட்டிருக்கிறது, எறும்பு மாதிரி எழுத்தில், ஆங்கிலத்தில். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் விதிப்படி கட்டாயம் போட வேண்டிய வரிகள் அவை. லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரை காஃபின், அதாவது காபியில் இருக்கும் தூக்கம் விரட்டும் பொருள், இருக்கலாம் என்பதும் அதே விதிதான். அப்படியானால் 250 மில்லி பாட்டிலில் 75 வரை, இரண்டுக்கு 150. பிள்ளைகளுக்கு ஒரு கிலோ எடைக்கு 3 மில்லிகிராம் வரைதான் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொல்லியிருக்கிறது. என் பையனுக்கு 126 வருகிறது. ஒரு நாள் முழுவதுக்கும் சேர்த்த அளவு அது. இவன் அரை மணி நேரத்தில் குடித்திருக்கிறான்.

போலந்தில் 2024 ஜனவரியிலிருந்து 18 வயதுக்குக் கீழே யாருக்கும் இதை விற்கக் கூடாது. இங்கேயும் பள்ளியிலிருந்து 50 மீட்டருக்குள் சர்க்கரை அதிகமுள்ள பண்டங்களையும் பானங்களையும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று 2020இல் விதி வந்துவிட்டது. அவன் பள்ளி கேட்டிலிருந்து கடை வரை நடந்து பார்த்தேன். முப்பது காலடிகூட இல்லை. வயிறு எரிகிறது.

எண்ணூர் டிரெய்லர் டிரைவர்:
துறைமுக வரிசையில் ராத்திரி முழுக்க விழித்திருக்க நானும் மூன்று, நான்கு என்று குடித்தவன்தான். தூக்கம் போகாது, ஒளிந்துகொண்டு நிற்கும். ஒருநாள் விடியற்காலை திருவொற்றியூர் தாண்டும்போது ஸ்டியரிங்கிலேயே கண் அசந்துவிட்டேன். கிளீனர் கத்தியதால் பிழைத்தோம். வீட்டுக்குப் போனால் பகலில் தூக்கமே வராது. குடித்த காஃபினில் பாதி உடம்பை விட்டு இறங்கவே ஐந்து மணி நேரம் போல ஆகுமாம். இப்போதெல்லாம் வண்டியை ஓரங்கட்டி இருபது நிமிஷம் தூங்கிவிடுகிறேன்.

ராயபுரம் பெட்டிக்கடை:
யூனிஃபார்மில் வருகிற பிள்ளைகளுக்கு நான் தருவதில்லை அம்மா. ஃபிரிட்ஜ் கதவில் தமிழில் பெரிதாக எழுதியே ஒட்டிவிட்டேன். அடுத்த கடைக்குப் போகிறார்கள், என்ன செய்ய.

தண்டையார்பேட்டை அம்மா:
அண்ணா, அந்தத் தாளைப் போட்டோ எடுத்துப் போடுங்கள். அதைப் பார்த்து எழுதி, பள்ளி எதிரில் இருக்கிற கடைக்காரரிடம் நாளைக்கே கொண்டுபோய்க் கொடுத்துப் பேசுகிறேன்.