புதுப்பிப்பு: படகின் ஸ்டீயரிங் வீல் கழன்றது

நான் முன்பு கேட்டிருந்தது: ஃபைபர் படகு, அவுட்போர்டு இன்ஜின், கேபிள் ஸ்டீயரிங். நட்டைக் கழற்றியும் வீல் அசையவில்லை. இப்போது வந்துவிட்டது, புல்லர் (கொக்கிகளால் பிடித்து, நடுவில் உள்ள திருகை இறுக்கி இழுக்கும் கருவி) போட்டுத்தான்.

வீல் மாட்டியிருக்கும் தண்டு முக்கால் அங்குலம், முனை நோக்கிச் சரிவாகக் குறுகும். உள்ளே ஓர் அரைவட்டச் சாவி, அதாவது வீலும் தண்டும் சேர்ந்து சுற்றும்படி இடையில் செருகும் உலோகத் துண்டு. வீலின் நடுக்குடம் அலுமினியம், தண்டு எஃகு. இடையில் உப்புத்தண்ணீர் புகுந்தால் அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாகப் பொங்கி இறுகிவிடும்.

நட்டை மறுபடி ஏற்றி, அதன் முகமும் தண்டின் முனையும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி விடுங்கள். மரை நசுங்காது, வீல் சட்டென்று விடுபட்டாலும் முகத்தில் அடிக்காது. துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறட்டும். புல்லரின் கொக்கிகள் நடுக்குடத்தின் பின்பக்கத்தைப் பிடிக்க வேண்டும். கம்பிகளிலோ வளையத்திலோ மாட்டினால் வீல் கோணிக்கொள்ளும். கால் சுற்று இறுக்கி, திருகின் தலையில் லேசாகத் தட்டி, மறுபடி கால் சுற்று. ஓங்கி அடித்தால் அந்த அடி ஹெல்மின் (வீலின் சுற்றலைக் கேபிளுக்குக் கொடுக்கும் பெட்டி) பல்சக்கரங்களுக்குத்தான் போகும். விடும்போது துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம் வரும், பயப்பட வேண்டாம்.

கேஸ் டார்ச் காட்டச் சொன்னவர்களுக்கு: பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் நெருப்பா? ஹாட் ஏர் கன் போதும், அதுவும் பெட்ரோல் ஆவி துளியும் இல்லாதபோது, நடுக்குடத்தில் மட்டும்; அதன் சூட்டிலும் ஆவி பற்றிக்கொள்ளும். எஃகைவிட அலுமினியம் அதிகம் விரியும். கேபிளுக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் ஸ்டீயரிங் என்றால் அந்தச் சூடும் வேண்டாம், ஆயில் சீல் கருகும்.

திரும்ப மாட்டும்போது தண்டை நைஸ் எமரி தாளால் துடைத்து, மரைன் கிரீஸ் மெல்லிசாகத் தடவி, புது நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் உள்ள, எளிதில் தளராத நட்டு) போடுங்கள்.